ருக்மணி தேவியும் 'விதி' என்ற சொல்லும்

மலையகத்தின் பெருமைகளைச் சொல்ல முற்படும் கட்டுரைகளில் இரண்டு பெயர்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். மற்றது றம்பொடையில் பிறந்த ருக்மணி தேவி. பாடசாலை ஆண்டு மலர்களிலும் சாகித்திய விழாச் சிறப்பிதழ்களிலும் இவ்விருவரையும் ஒரே மூச்சில் சொல்லி 'எமது மண் தந்த கலைச் செல்வங்கள்' என்று எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. முதலாமவரைப் பற்றிய பந்தி முதலமைச்சர் நாற்காலியில் போய் நிற்கும். இரண்டாமவரைப் பற்றிய பந்தி 'விதி' என்ற சொல்லில் போய் நிற்கும். விதி விளையாடியது என்பார்கள். விதி யாரை விட்டது என்பார்கள். அத்துடன் பந்தி முடிந்துவிடும். அந்தச் சொல்லை எழுதியவுடன் எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது என்பதைப் பல தடவைகள் அவதானித்திருக்கிறேன். அந்த நிம்மதிதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

இளைய வாசகர்களுள் பலருக்கு ருக்மணி தேவி வெறும் பெயராக மட்டுமே இருக்கக்கூடும். ஆகவே விபரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியாவுக்குப் போகும் வழியிலுள்ள றம்பொடையில் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்ற பெயரில் பிறந்தார். கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பம். வளர்ந்தது கொழும்பில். சிறுமியாகவே மேடை ஏறி, டவர் மண்டப நாடக மரபில் வந்த 'ராமாயணய'வில் சீதையாகத் தோன்றினார். 1930களின் இறுதியில் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் இணைந்து புத்தகயா விகாரையைப் போற்றும் ஒரு பாடலை இசைத்தட்டில் பாடினார். கிறிஸ்தவத் தமிழ்ப் பெண், இந்துப் புராணத்து மேடைப் பெயர், சிங்கள மொழி, பௌத்தப் பக்திப் பாடல். இந்த நாட்டில் இப்படியும் ஒரு காலம் இருந்தது.

பின்னர் நீர்கொழும்பைச் சேர்ந்த பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் அவர் நாயகியானார். அக்குழுவின் வெற்றி நாடகம் ஒன்றே 'கடவுனு பொறொந்துவ' என்ற பெயரில் முதலாவது சிங்களப் பேசும்படமாகி 1947 ஜனவரி 21ஆம் திகதி திரைக்கு வந்தது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். படமாக்கப்பட்ட இடம் மதுரையிலிருந்த அவருடைய சித்ரகலா மூவிடோன். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. இசை நாராயண ஐயர். சிங்கள சினிமாவின் முதல் நட்சத்திரத்தை வார்த்தெடுத்த பட்டறை இதுதான். குழுவின் நகைச்சுவை நடிகரும் ஜயமான்னவின் சகோதரருமான எடி ஜயமான்னவை, குடும்பத்தாரின் எதிர்ப்பை மீறி ருக்மணி மணந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. 1978 ஒக்டோபர் 28ஆம் திகதி, மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியொன்றில் பாடிவிட்டு வீடு திரும்பும் வழியில், ஜா-எலயை அடுத்த துடெல்லையில் வாகன விபத்தில் இறந்தார். அப்போது வயது 55.

இனி, 'எமது மண்' என்ற உரிமை கோரலுக்கு வருகிறேன். றம்பொடையில் பிறந்தார் என்பது உண்மை. தோட்டத் தொழிலாளரின் லயத்தில் பிறந்தவரல்லர் என்பதும் உண்மை. முதலாவதை எழுதி இரண்டாவதை விட்டுவிடும்போது ஒரு சின்னப் பொய் உண்டாகிறது. 1947ஆம் ஆண்டில் கடவுனு பொறொந்துவ ஓடிக்கொண்டிருந்தபோது மலையகத் தொழிலாளர்கள் வாக்களித்து இலங்கை இந்தியன் காங்கிரசின் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த வாக்குப் போயிற்று. ராசம்மாவின் பெயர் சுவரொட்டிகளில் ஏறிய அதே காலத்தில் ஆயிரமாயிரம் ராசம்மாக்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து இறங்கின. இவை இரண்டும் ஒரே கதையல்ல. ஒன்றை மற்றதன் கணக்கில் வரவு வைக்க முடியாது. நாமும் சேலத்தில் பிறந்து இளவயதில் இங்கு வந்த மொஹிதீன் பேக்கை இப்படித்தான் கையாளுகிறோம். வெசாக் காலத்தில் தெருவெல்லாம் அவரது குரல் ஒலிக்கும்போது நெஞ்சை நிமிர்த்துவோம். அவர் எப்படி வாழ்ந்தார், யார் அவரைப் பார்த்தார்கள் என்று கேட்பவர் குறைவு. பிறப்பைக் கொண்டாடுவதில் செலவு எதுவும் இல்லை.

ஆனால் உரிமை கோருவதற்கு வேறொரு நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் அவருடைய திரைப் பிம்பத்தைப் பார்க்கவேண்டும்.

மினர்வா குழுவின் படப் பெயர்களைத் தமிழில் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கடவுனு பொறொந்துவ என்றால் உடைந்த வாக்கு. 1948இல் வந்த 'கபட்டி ஆரக்ஷகயா' வஞ்சகக் காவலன். அதே ஆண்டு 'வெரதுனு குருமானம', தவறிய குறி. 1949இல் 'பெரலென இரணம', புரளும் தலைவிதி. 1950இல் 'ஹதிசி வினிஷ்சய', அவசரத் தீர்மானம். 1951இல் 'செங்கவுனு பிளிதுர', மறைந்த விடை. 1952இல் 'உமத்து விஸ்வாசய', பித்தான நம்பிக்கை. ஆறு ஆண்டுகளில் ஏழு படங்கள். இப்பட்டியலைக் கையில் எடுக்கும் எந்த வாழ்க்கை வரலாற்றாளருக்கும் கை துடிக்கத்தான் செய்யும். ஒவ்வொரு பெயரையும் ஓர் அத்தியாயத் தலைப்பாக்கி ருக்மணியின் வாழ்க்கையையே எழுதிவிடலாம் போலிருக்கிறது. நடந்ததும் அதுதான். திரையில் ஏமாற்றப்பட்டுக் காத்திருந்து கண்ணீர் வடித்த பெண்ணும், நீர்கொழும்பு வீட்டில் கணக்குப் பார்த்துக் குடும்பம் நடத்திய பெண்ணும் ஒருவரே என்று வாசகர் நம்பத் தொடங்கினார்கள். பாத்திரத்தின் துயரத்தை நடிகையின் மீது ஊற்றிவிட்டால் நடிகையின் துயரத்துக்குத் தனியாகக் காரணம் தேடவேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது.

இந்த வழக்கம் எமக்குப் பரிச்சயமானதே. மஹ்ஜபீன் பானு என்ற முஸ்லிம் பெண்ணை மீனா குமாரியாக்கியது பம்பாய். 1962இல் வந்த 'சாஹிப் பீபி அவுர் குலாம்' படத்தில் கணவனுக்காகக் குடிக்கத் தொடங்கும் மனைவியாக அவர் நடித்தார். பத்து வருடங்களின் பின் 1972 மார்ச் 31ஆம் திகதி, முப்பத்தெட்டே வயதில் ஈரல் நோயால் இறந்தார். அன்றிலிருந்து அவரைப் பற்றி எழுதுபவர்களுக்கு அந்தப் படம் போதுமானதாக இருக்கிறது. 'துயரத்தின் அரசி' என்ற பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். சிறுமிப் பருவத்திலிருந்தே ஸ்டூடியோவில் உழைத்து ஒரு குடும்பத்தைத் தாங்கிய தொழிலாளி என்ற மனிதி அந்தப் பட்டத்துக்குள் காணாமற் போய்விட்டாள். அவர் உருது மொழியில் கவிதை எழுதியவர் என்பதைக்கூட அந்தத் துயரத்தின் இன்னோர் அடையாளமாகவே பார்க்கிறார்கள்.

சாவித்திரியின் விடயமும் இதுவே. 2018இல் வெளிவந்த 'நடிகையர் திலகம்' படத்தை இங்கும் பலர் பார்த்துக் கண்கலங்கினார்கள். கீர்த்தி சுரேஷின் நடிப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு எண்ணமில்லை. வருமான வரித் தொல்லை, சொந்தப் படத்தின் நட்டம், சுற்றியிருந்தவர்களின் மோசடி எல்லாமே அப்படத்தில் இருக்கின்றன. இருந்தும் அவை யாவும் காதலில் ஏமாந்த ஒரு பெண்ணின் கதைக்குத் துணைச் சம்பவங்களாகவே வந்து போகின்றன. 1971இல் 'பிராப்தம்' படத்தைத் தானே தயாரித்து இயக்கிய ஒரு பெண், தொழிலில் துணிந்து முதல் போட்டுத் தோற்ற ஒருவர் என்ற வகையில் எப்படிச் சிந்தித்திருப்பார்? ஓர் ஆண் தயாரிப்பாளரின் தோல்வியை நாங்கள் வியாபாரத் தோல்வி என்கிறோம். அதே தோல்வி சாவித்திரிக்கு வந்தால் அது மனமுறிவின் விளைவாகிவிடுகிறது. பத்தொன்பது மாதங்கள் நினைவின்றிக் கிடந்து 1981 டிசம்பர் 26ஆம் திகதி அவர் இறந்தபோது, அந்தக் கதைக்குப் பொருத்தமான முடிவு ஒன்று கிடைத்துவிட்டது.

ருக்மணியிடம் திரும்புகிறேன். அவருடைய இறங்குமுகத்துக்கு மதுவும் இல்லை, காதல் தோல்வியும் இல்லை. கதை சொல்பவர்களுக்கு இது பெரிய சங்கடம். எனவேதான் 'விதி' தேவைப்படுகிறது. ஆனால் நடந்தது என்ன? 1956 டிசம்பர் 28ஆம் திகதி லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தது. கமராவைத் தென்னிந்திய ஸ்டூடியோக்களின் அட்டைச் சுவர்களுக்கு வெளியே எடுத்துச் சென்று, இலங்கைக் கிராமத்தின் வெயிலில் நிறுத்திய படம் அது. சிங்கள சினிமாவுக்கு அது ஒரு விடுதலை என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. மதுரையிலும் கோயம்புத்தூரிலும் செய்த அச்சில் வார்க்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் நாடகத்தனமானவை. இன்று பார்த்தால் பொறுமை வேண்டும். ஆனால் அதன் பின் எழுந்த விமர்சனக் குரலில், அச்சை நிராகரித்தவர்கள் அந்த அச்சில் பத்து வருடங்கள் உழைத்தவர்களையும் சேர்த்தே நிராகரித்தார்கள். 'தென்னிந்தியப் பாணி' என்பது ஒரு வசைச் சொல்லாயிற்று. ஸ்டூடியோ முதலாளிகள் வேறு படம் எடுத்தார்கள், வேறு தொழிலுக்கும் போனார்கள். அந்தப் பாணியைத் தன் முகத்திலும் குரலிலும் சுமந்த பெண்ணுக்கு அப்படி மாறிக்கொள்ள இடமிருக்கவில்லை. நாயகி வேடம் போய்த் துணை வேடங்கள் வந்தன. வருமானம் குறைந்தது. மேடைகளிலும் கார்னிவல்களிலும் பாடுவது வாழ்வாதாரமாயிற்று.

ஓர் உபகாரம் மட்டும் இருந்தது. அவர் தன் பாட்டைத் தானே பாடிய தலைமுறையைச் சேர்ந்தவர். பின்னணிப் பாடகர் வழக்கம் வேரூன்றியபின் வந்த நடிகையாக இருந்திருந்தால் முகம் பழையதானவுடன் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தக் குரல் கடைசிவரை அவரிடம் இருந்தது, அதைக் கொண்டே பிழைத்தார். குரலின் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை: இன்று பழைய பதிவுகளைக் கேட்கும்போது நாடக மேடைக்குரிய அந்த ஓங்கிய எடுப்பு எனக்கு உவப்பாக இல்லை. பிற்காலப் பதிவுகளில் அது தணிந்து, சற்றுக் கனத்து, பேச்சுக்கு அருகில் வந்துவிட்டது. என் காதுக்கு அந்தப் பிந்திய குரலே மேலானது. ஆக, கலை என்ற அளவில் அவர் தேயவில்லை. தேய்ந்தது அவருக்குக் கிடைத்த இடம்தான்.

இப்போது அந்த மற்றப் பெயரைப் பக்கத்தில் வைக்கலாம். எம்.ஜி.ஆர். 1917 ஜனவரி 17ஆம் திகதி நாவலப்பிட்டியில் பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தார். கும்பகோணத்துக்குப் போன குடும்பம் பட்டினி கிடந்தது. பள்ளிக்கூடத்தை விட்டுப் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். முதல் மனைவி இறந்தார். இரண்டாவது மனைவி நெடுங்காலம் நோயில் கிடந்து 1962இல் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அந்தரங்கத் துயரம் என்று பார்த்தால் ருக்மணியினதைவிட எவ்வகையிலும் குறைந்ததல்ல. ஆனால் அந்தத் துயரங்களில் ஒன்றுகூட வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டினி, ஏழைப் பங்காளன் என்ற பிம்பமாயிற்று. தாயின் கஷ்டம் தாய்க்குலத்தின் பிள்ளை என்ற பட்டமாயிற்று. பிள்ளையில்லாமை, நாட்டுப் பிள்ளைகள் எல்லாம் என் பிள்ளைகள் என்ற உரிமையாயிற்று. 1967 ஜனவரி 12ஆம் திகதி எம்.ஆர். ராதா சுட்டபோது கழுத்தில் கட்டுடன் கிடந்த படம் தேர்தல் சுவரொட்டியாயிற்று. குரல் சிதைந்தது, ரசிகர்கள் அந்தச் சிதைந்த குரலையும் ஏற்றுக்கொண்டார்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, பின்னர் 'பிம்பச் சிறை' என்று தமிழில் வந்த நூல் இந்தப் பிம்பம் கட்டப்பட்ட விதத்தை விரிவாக ஆராய்கிறது. அந்நூலின் சில முடிவுகள் ரசிகர்களின் அறிவைக் குறைத்து மதிப்பிடுவதாக எனக்குப் படுகிறது. லயக் காம்பராவின் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். படத்தை ஒட்டிய பெண்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியும். ஆனாலும் நூலின் மைய விசாரணை சரியானதே.

வயதைப் பார்ப்போம். எம்.ஜி.ஆருக்கு 55 வயதானது 1972இல். அவ்வருடம் ஒக்டோபரில் தனிக் கட்சி தொடங்கினார். அடுத்த ஆண்டு 1973 மே மாதம் 'உலகம் சுற்றும் வாலிபன்' வந்தது. வாலிபனுக்கு வயது 56. கூட நடித்த லதாவுக்கு இருபது. யாரும் சிரிக்கவில்லை, ஹட்டனிலும் சிரிக்கவில்லை. 1977இல் முதலமைச்சர். அதற்கு அடுத்த ஆண்டில்தான், அதாவது நாவலப்பிட்டியில் பிறந்தவர் சென்னைக் கோட்டையில் அமர்ந்திருந்த காலத்தில், றம்பொடையில் பிறந்தவர் தனது 55ஆவது வயதில் மாத்தறை மைதானத்தில் பாடிவிட்டு இராப் பயணத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். மாத்தறையிலிருந்து நீர்கொழும்பு ஏறக்குறைய 200 கிலோமீற்றர். தெற்கு அதிவேகப் பாதை இல்லாத காலம். காலி வீதியால் ஊர் ஊராக வரவேண்டும். இந்த இரண்டு வாழ்க்கைகளின் வித்தியாசத்தை விதி என்று எழுதுபவர் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். ஆணின் துயரம் மட்டும் எப்படி அவனுக்கு முதலாகிறது? பெண்ணின் துயரம் மட்டும் ஏன் மற்றவர்களின் அனுதாபப் பேச்சோடு முடிகிறது?

திறமை, சாமர்த்தியம், அரசியல், கட்சி எல்லாம் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. தமிழ்நாட்டுச் சந்தையின் விசாலம் எங்கே, இலங்கையின் சின்னச் சிங்களச் சந்தை எங்கே என்றும் கேட்கலாம். சரியான கேள்வி. ஆனால் சாவித்திரி அதே விசாலமான சந்தையில்தானே இருந்தார்?

இங்கு வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். மௌத்தானவர்களின் சொந்த வாழ்க்கையைக் கிளறுவது எமது மார்க்க ஒழுக்கத்துக்குப் பொருந்துமா என்று. நியாயமான ஆட்சேபனை, ஓர் இலக்கியக் கூட்டத்தில் என்னிடம் நேரடியாகவே கேட்கப்பட்டது. கீபத் எவ்வளவு பாரதூரமானது என்று ஸூரத்துல் ஹுஜுராத் சொல்லும் உவமையை நாமெல்லோரும் சிறு வயதிலேயே கேட்டிருக்கிறோம். மற்றவரின் குறையை மறைப்பது நன்மை என்பதும் தெரிந்ததே. நடிகைகளின் படுக்கையறையை எட்டிப் பார்த்து எழுதப்படும் பத்திகளை நான் இந்த அளவுகோலாலேயே நிராகரிக்கிறேன். ருக்மணிக்கும் எடிக்கும் இடையில் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது எனக்கு வேண்டாம். ஆனால் இமாம் நவவி தனது ரியாழுஸ் ஸாலிஹீனில் புறம்பேசுதல் ஆகாது என்று சொன்ன கையோடு, பேச அனுமதியுள்ள ஆறு சந்தர்ப்பங்களையும் தருகிறார். அவற்றில் முதலாவது, அநீதிக்குள்ளானவரின் முறைப்பாடு. ஒரு மனிதியின் குறையை மறைப்பது வேறு, அவளுக்குச் செய்யப்பட்ட குறையை மறைப்பது வேறு. அவளுக்கு என்ன கொடுக்கப்பட்டது, என்ன கொடுக்கப்படவில்லை என்பது அந்தரங்கமே அல்ல. அது கொடுக்கல் வாங்கல். 'விதி' என்று எழுதும் பேனா இதில் நடிகையின் மானத்தைக் காப்பாற்றவில்லை, கொடுக்க வேண்டியவர்களின் மானத்தையே காப்பாற்றுகிறது. கத்ர் மீதான நம்பிக்கையும் இதற்குக் குறுக்கே வராது. அல்லாஹ்வின் ஏற்பாட்டை நம்புகிற எந்தத் தொழிலாளியும் சம்பள நாளில் கணக்குப் பார்க்காமல் வருவதில்லை.

இதை என்னைவிடத் தெளிவாக விளங்கிக்கொண்டவர் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு முதியவர். பழைய பாடல்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது ருக்மணி தேவியின் பேச்சு வந்தது.

"பாட்டு நெறைய கேட்டுருக்கேன் தம்பி. சிங்களத்தியின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்," என்றார்.

றம்பொடையில் பிறந்தவர் என்றேன். அதில் அவருக்குப் பெரிய சுவாரசியம் ஏற்படவில்லை. எப்படி இறந்தார் என்று கேட்டார். சொன்னேன்.

"அம்பத்தஞ்சு வயசுலயா ராவெல்லாம் பாடப் போனா? ஏன், அவளுக்கு சேர்வீஸ் காசு குடுக்கலியா?"

எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இக்கேள்வியை ஒன்றிலும் பார்த்ததில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு இது முதல் கேள்வியாக வருவதற்குக் காரணம் இருக்கிறது. பேர் போட்டார்களா, அரைப்பேர் போட்டார்களா என்று ஒவ்வொரு நாளும் பார்த்துப் பழகிய கண். செக்ரோலில் பெயர் இருந்தால்தான் காசு என்று தெரிந்த வாழ்க்கை. 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி பெண் ஊழியர் 50 வயதில் தன் நிதியைப் பெற்றுக்கொள்ளலாம். அந்தப் பணம் எவ்வளவு சொற்பமானாலும், அதைப் பெறுவதற்கு எத்தனை தடவை அலையவேண்டி வந்தாலும், 'எனக்குச் சேரவேண்டியது' என்று சொல்ல ஒரு பெயர் அதற்கு இருக்கிறது. நாட்டின் முதல் திரை நட்சத்திரத்துக்கு 50 வயதானது 1973இல். படத்துக்குப் படம், இரவுக்கு இரவு பேசி வாங்கும் கூலியை மட்டும் நம்பியிருந்தவர் எந்த நிர்வாகத்தின் செக்ரோலில் இருந்திருக்க முடியும்? அவருடைய முகத்தை வைத்துத் தியேட்டர்கள் நிறைந்தன. குரலை வைத்து இசைத்தட்டுகள் விற்றன. அந்தக் குரல் வானொலியில் ஒலித்தபடியே இருந்தது. கலைஞரைக் 'குயில்' என்று அழைப்பதில் ஒரு வசதி உண்டு. குயிலுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

மேலே நான் சொன்ன வேறொரு நியாயம் இதுதான். ருக்மணி தேவி எங்களவர் என்று மலையகத்தார் சொல்லலாம். றம்பொடையில் பிறந்ததற்காக அல்ல. உழைத்த காலத்தில் உழைப்பைக் கொடுத்து, உழைக்க முடியாத காலத்திலும் உழைக்க வேண்டியிருந்த பெண் என்பதற்காக. நாளாந்தக் கூலியின் அர்த்தம் தெரிந்தவர்களே அவருடைய வாழ்க்கையைச் சரியாக வாசிக்கத் தகுந்தவர்கள். எமது மலையக இலக்கியம் தொழிலாளியின் சம்பளத்தை, துண்டை, பென்சன் காசை எழுதுவதில் தேர்ந்தது. அதே எழுத்தாளர்கள் ஒரு நடிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தவுடன் மட்டும் அருவி, குயில், நிலவு, விதி என்று போய்விடுவது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. றம்பொடை அருவியைப் பற்றி எழுத உல்லாசப் பயணத் துறையினர் இருக்கிறார்கள்.

இறுதி ஊர்வலத்துக்குப் பெரும் சனத்திரள் வந்தது. விபத்து நடந்த இடத்தில் பின்னாளில் சிலை எழுந்தது. நீர்கொழும்பிலும் அவரது நினைவு போற்றப்படுகிறது. இவற்றைக் குறை சொல்லவில்லை. எடி ஜயமான்ன மூன்று ஆண்டுகள் கழித்து 1981இல் இறந்தார். 1977 ஓகஸ்டில் இனக் கலவரம் மலையகத்தைச் சுட்டதற்கும் அவரது மரணத்துக்கும் இடையில் பதினான்கு மாதங்களே. சிங்கள மக்கள் தமது சொந்தப் பிள்ளையாக நினைத்து அழுத பெண்ணின் பெயர் ராசம்மா. அந்த அழுகை உண்மையானது என்றே நம்புகிறேன். நேசத்துக்கும் சம்பளத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றியே நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நூற்றாண்டு நினைவாக 2023இலும் அதற்குப் பின்னரும் தமிழில் வந்த குறிப்புகளில் நான் வாசித்தவை எல்லாம் மேற்சொன்ன பாதையிலேயே போகின்றன. பிறந்த ஊர், முதல் படம், பட்டம், விபத்து. மலையகத்தில் அடுத்து இவரைப் பற்றி எழுத இருப்பவர், இளையவர் யாராவது இருந்தால், கதையை உயன்வத்தை மைதானத்தின் அந்த இரவிலிருந்து தொடங்கிப் பார்க்கட்டும். இசைத்தட்டுக் கம்பெனிகளின் உடன்படிக்கைகள், வானொலிக் கலைஞர்களின் கட்டண விபரங்கள், 1972இல் தொழிற்படத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் பழைய கோவைகள், இவற்றைக் கொழும்பில் போய்த் தேடவேண்டியிருக்கும். சிங்களம் வாசிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. ஹட்டனிலிருந்து அதிகாலை பஸ் எடுத்தால் சுவடிகள் திணைக்களம் திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம்.